சோலைப்பாடிக்கு வழி சொன்னேன்

இந்தக் கட்டுரையில் காட்டின் பெயர் வராது. கோலாலம்பூருக்கு வடக்கே, செலாயாங் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், வண்டியை எங்கே விட வேண்டும் என்று கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

நான் போனது பறவை பார்க்க அல்ல. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு நாங்கள் விற்ற இரண்டு பம்புகள் ஒன்றாகப் படுத்துவிட்டன. நான்கு நாள் வேலை என்று அனுப்பினார்கள். மாற்ற வேண்டிய உதிரி பாகம் ஒன்று வழியில் எங்கோ மாட்டிக்கொண்டதால் பத்து நாள் ஆனது. நடுவில் தீபாவளி வேறு.

அக்டோபர் மாதம். மலேசியாவுக்கு இலையுதிர் காலம் கிடையாது. வருடம் முழுவதும் ஒரே பச்சை, ஒரே புழுக்கம். ஆனால் வடக்கே சைபீரியா, சீனா பக்கம் இலை உதிரத் தொடங்கியதும் அங்குள்ள பறவைகள் கிளம்பி இந்தத் தீபகற்பத்தின் வழியாகத்தான் தெற்கே இறங்குகின்றன. எங்களைப் போன்ற பறவைப் பைத்தியங்களுக்கு இதுதான் சீசன். சட்டைகளுக்கு நடுவே பைனாகுலரைச் சுருட்டி வைத்ததை என் மனைவி பார்த்துவிட்டு, "பம்புக்குள்ள எட்டிப் பாக்கவா?" என்றாள்.

கிள்ளானில் ஒரு துணிக்கடை மாடியில் அறை. தினமும் நான்கு மணிக்கு வானம் கறுக்கும். ஐந்து மணிக்கு ஊற்றும். ஏழு மணிக்குத் தெருவெல்லாம் தண்ணீரில் விளக்கு மினுங்கும். மழை விட்டதும் எதிரே வாழை இலைக் கடைக்குப் போவேன். சோறு, மூன்று காய், அப்பளம் எல்லாம் நம் ஊர் போலத்தான். குழம்பில்தான் வித்தியாசம். மீன், கோழி, பருப்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் தலையில் கொட்டிவிடுகிறார்கள். தனித்தனியாக ஊற்றச் சொன்னேன். பரிமாறியவர் நேபாளி, தமிழில் காய்களின் பெயரும் "போதுமா"வும் மட்டுமே அவருக்குத் தெரியும். "போதுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கலந்தே ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் எனக்கு வேலை இல்லை. ஜெயந்தியைப் பார்க்கக் கிளம்பினேன்.

ஜெயந்தியை இரண்டு வருடமாக ஃபோனில் மட்டுமே தெரியும். பல நாட்டுத் தமிழர்கள் இருக்கும் ஒரு பறவைக் குழுவில், நான் தப்பாகப் பெயர் போட்ட ஒரு ஈப்பிடிப்பானைத் திருத்தியவர். செலாயாங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலை ஏழரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை அவர் நேரம் அவருக்கு. அந்த ஐந்து மணி நேரத்தைக் காட்டில் கழிப்பவர்.

விடியுமுன் ரயில் ஏறினேன். பெட்டி காலியாக இருந்ததை என் அதிர்ஷ்டம் என்று நினைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு நிலையம் கழித்து ஒரு மலாய்ப் பெண்மணி என்னைப் பார்த்து ஏதோ கடுமையாகச் சொன்னார். பின் சீட்டிலிருந்த தமிழ்க் கல்லூரிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "அங்கிள், இது லேடீஸ் கோச். கண்ணாடி போட்டிருக்கீங்க, பிங்க் ஸ்டிக்கர் தெரியலயான்னு கேக்குறாங்க." தூரத்துப் பறவையை வாலை வைத்தே பெயர் சொல்பவன் நான். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பெட்டிக்குப் போனேன்.

நிலைய வாசலில் மஞ்சள் வேன் நின்றது. ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, ரப்பர் பூட்ஸ். "பசியாறியாச்சா அண்ணே?" என்பதுதான் ஜெயந்தியின் முதல் பேச்சு. காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் திணித்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரச் சம்பல்.

"ரொம்ப நன்றி மேடம்."

"மேடம்லாம் வேணாம் லா. ஜெயந்தின்னு கூப்புடுங்க, போதும்."

காட்டின் ஓரத்தில் ஒரு கார் பார்க். அங்கே ரஃபீக் என்ற பங்களாதேஷ்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். ஜெயந்தி அவருக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தார். வேனைப் பின்னால் எடுக்கும்போது அது "டீட், டீட்" என்று கத்தியது. பாதையில் இறங்கினோம்.

வெளிச்சம் குறைவான காடு. மூங்கில், முள் பனை, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் மரங்கள். ஓடைப் பாறையில் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை ஆட்டி நின்றது. "போன வாரந்தான் வந்துச்சு" என்றார் ஜெயந்தி, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களைச் சொல்வது போல. அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று தலைக்கு மேல் போனது. என் காலில் மூன்று அட்டைகள். வால்பாறையில் பழகிய எனக்கு அது பெரிய விஷயமில்லை.

இரண்டாவது நடைப்பாலத்தைத் தாண்டி ஜெயந்தி உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம் கழித்து மூங்கில் புதருக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

சோலைப்பாடி. கரு நீல முதுகு, செம்பழுப்பு வயிறு, நீண்ட வால். எங்கள் ஆனைகட்டிப் பக்கம் சாதாரணமாகக் கேட்கலாம். சொன்னால் வெட்கம், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் வந்து நம் ஊர்ப் பறவையா என்று நினைத்தேன். அது பாடி முடிக்கும் இடத்தில் "டீட், டீட்" என்றது. நான் திரும்பிப் பார்த்தேன்.

ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என் வேன் ரிவர்ஸ் சத்தம் அண்ணே. மூணு வருஷமா கேட்டுக் கேட்டு அதுவும் படிச்சிருச்சு."

பிறகு சிரிப்பு போய்விட்டது. "இங்க இத முராய் பத்துன்னு சொல்லுவாங்க. கூண்டுல வச்சு பாட்டுப் போட்டிக்கு விடுவாங்க. இந்தக் காட்டுல ஏழு இருந்துச்சு, நானே எண்ணியிருக்கேன். ஒவ்வொண்ணா புடிச்சிட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம். இங்க உள்ள பறவை ஆளுங்ககிட்டகூட நான் சொன்னதில்ல. வீட்டுல எனக்கு யாரும் இல்ல அண்ணே. காலையில பேச்சுத் துணைக்கு இதுதான். இது நமக்குள்ள இருக்கட்டும்."

"கவலையே படாதீங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் மழையில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தேன். கோவையில் எங்கள் குழு ஒன்று உண்டு. சக ஊழியர்கள், இரண்டு வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர் என்று எண்பது பேர். அதில் ஜெயந்தி இல்லை. பார்த்ததை அன்றே போட வேண்டும், நாள், நேரம், இடம் மூன்றும் இல்லாவிட்டால், "கனவுல பாத்தீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். நான் பதிவு செய்த பாட்டைப் போட்டேன். பழக்கதோஷத்தில் இடத்தின் மேப்பையும் போட்டேன். ஜெயந்தி சொன்னது நினைவில் இருந்தது. அது உள்ளூர்க்காரர்களுக்குச் சொன்னது, கோவை பல் டாக்டர் விமானம் ஏறி வந்து முராய் பிடிக்கப் போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரிவர்ஸ் சத்தத்துக்கு முப்பது பேர் சிரித்தார்கள். நன்றாக இருந்தது.

மறுநாள் மதியம் மலேசிய எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"வணக்கம் அண்ணே. உங்க முராய் ஆடியோ ஒரு ஃப்ரெண்ட் ஊர்லேர்ந்து அனுப்பினாரு. சூப்பர் லா! நான் இங்க கே.எல். பக்கத்துல, பிஜேலதான் இருக்கேன். மகளுக்குக் காட்டணும்னு ஆசை. மேப்ல கார் பார்க்தான் வருது. உள்ள எந்தப் பக்கம் அண்ணே?"

தொழிற்சாலையில் நாள் முழுக்க மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தவனிடம் ஒருவர் தமிழில் வந்து, அண்ணே என்று கூப்பிட்டு, மகளுக்குப் பறவை காட்ட வேண்டும் என்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டாவது நடைப்பாலம், இடப்பக்கம் விழுந்த மரம், மூங்கில் புதர், காலை எட்டு மணி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். "பாப்பாவைச் சத்தம் போடாமல் உட்காரச் சொல்லுங்கள், அதுவே கிட்டே வரும்" என்று அறிவுரை வேறு.

"ரொம்ப நன்றி அண்ணே. உங்கள மாதிரி சொல்லிக் குடுக்குறவங்க கம்மி" என்று பதில் வந்தது. அதை என் மனைவிக்கு அனுப்பினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்த வார இறுதியில் தீபாவளி. பள்ளிகளுக்கு விடுமுறை, ஜெயந்தி ஈப்போவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தொழிற்சாலை ஸ்டோர்கீப்பர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வாசலில் பந்தல் போட்டு, மலாய்க்காரர், சீனர், யார் வந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். நம் ஊரில் பலகாரத் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். இங்கே பக்கத்து வீடே எழுந்து வந்துவிடுகிறது. எனக்கு இடம் கொடுத்து, முறுக்கு கொடுத்து, எல்லோரும் அவரவர் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். கையில் தட்டோடு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டு ஞாபகம் வந்தது. அப்போது அந்த எண்ணிலிருந்து, "இனிய தீபாவளி வாழ்த்துகள் அண்ணே" என்று ஒரு விளக்குப் படம். அன்றைக்கு வந்த தமிழ் வாழ்த்துகளில் மலேசியாவிலிருந்து வந்தது அது ஒன்றுதான். நானும் வாழ்த்து அனுப்பினேன். செவ்வாய் ஊருக்குக் கிளம்புவதையும் எழுதினேன்.

கடைசி நாள் செவ்வாய். பம்பு ஓடத் தொடங்கியிருந்தது. ராத்திரி விமானம். பெட்டியைக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தெரிந்தவர் கடையில் வைத்துவிட்டு மறுபடியும் செலாயாங் போனேன். ஜெயந்தியும் விடுமுறைக்குப் பின் அன்றுதான் காட்டுக்கு வருகிறார். எனக்காக ஈப்போவிலிருந்து கச்சான் பூத்தே, அதாவது வறுத்த வேர்க்கடலை, வாங்கி வந்திருந்தார்.

விழுந்த மரத்தில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஆனது. சில்வண்டுச் சத்தம் மட்டும். ஜெயந்தி மெல்லச் சீட்டியடித்துப் பார்த்தார். எழுந்து மூங்கில் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு மரக்கன்றுகளுக்கு நடுவே கறுப்பு நைலான் வலை. கிட்டே போனால்தான் கண்ணுக்குத் தெரியும். வந்த வேலை முடிந்ததும் அவிழ்க்காமல் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். வலையின் கீழ்மடிப்பில் ஒரு நீல ராபின் தலைகீழாகத் தொங்கியது. சைபீரியாவிலிருந்து வரும் பறவை, உள்ளங்கையில் அடங்கிவிடும். இறந்து நாளாகியிருந்தது. கண்ணில் எறும்பு.

ஜெயந்தி சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்து அதை எடுத்தார். அழவில்லை. "எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துச்சு இது" என்றார். பிறகு, "யாரு காட்டிக் குடுத்தா? சும்மா வந்தவன் இவ்ளோ கரெக்ட்டா இங்க வலை போட முடியாது" என்றார்.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பாலம், விழுந்த மரம், மூங்கில். என் கையால் எழுதிய வரிசை.

ஜெயந்தி விடுவிடுவென்று கார் பார்க்குக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ரஃபீக் எழுந்து நின்று சிரித்தார். அவர் முன்னால் வலையைப் போட்டுவிட்டு ஜெயந்தி மலாயும் தமிழுமாகக் கத்தினார். ஓரளவு புரிந்தது: உனக்கு மட்டும்தானே தெரியும், தினமும் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேனே, எவ்வளவு வாங்கினாய், உன் காண்ட்ராக்டரிடம் சொல்கிறேன் பார். ரஃபீக் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தார். "அக்கா, எனக்குத் தெரியாது அக்கா. நான் உள்ளே போகிறதே இல்லை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காண்ட்ராக்டரிடம் போனால் அவர் வேலை பெர்மிட் என்ன ஆகும் என்று எனக்குக்கூடத் தெரியும். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கோழையாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

வேனில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. காட்டுக்குள் சைலன்ட்டில் வைத்திருந்த ஃபோனை எடுத்தேன். அந்த எண்ணிலிருந்து காலையிலேயே ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், இருக்க வேண்டும் என்ற நப்பாசையில் அழுத்தினேன்.

"அண்ணே, நாலு நாள் வாயே தொறக்கல. இன்னைக்குத்தான் பாடுச்சு. கேளுங்க" என்று ஒரு ஆண்குரல். ஒரு சிறுமியின் சிரிப்பு. பிறகு சோலைப்பாடி. கடைசியில், "டீட், டீட்."

ஜெயந்தி வேனை ஓரம் கட்டினார். கையை நீட்டினார். ஃபோனைக் கொடுத்தேன். முதல் செய்தியிலிருந்து என் அறிவுரை வரை எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தார். பிறகு பாட்டை மறுபடியும் கேட்டார். நானாகச் சொல்லியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தப்பு பண்ணிட்டேன் ஜெயந்தி" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எழுதுங்க" என்றார்.

"என்ன?"

"அவனுக்கு எழுதுங்க. கூண்டு மேல துணி போடச் சொல்லுங்க, இல்லன்னா பயந்து கம்பியில முட்டிக்கும். வெயில்ல மாட்ட வேணாம். வெறும் பாக்கெட் தீனி போடாம, உசுரோட வெட்டுக்கிளி குடுக்கச் சொல்லுங்க. தண்ணி பெரிய கிண்ணத்துல வைக்கணும். அது தெனமும் ஓடையில குளிக்கும்."

எழுதினேன். உடனே பதில் வந்தது: "சரிங்கண்ணே. நீங்க சொன்னா கரெக்ட்டாதான் இருக்கும்."

"புகார் கொடுக்கலாம். நம்பர் இருக்கே" என்றேன்.

"குடுப்பேன். சிம்ம மாத்திடுவான். வீடு எங்கன்னு தெரியாம யாரு போய்த் தேடுவா?" வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. "கெடைச்சாலும் மறுபடி இங்க விட முடியாது அண்ணே. எடந்தான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. "ரஃபீக்கிட்ட நானும் வந்து சொல்றேன்" என்றேன். "வேணாம். அந்தாள பேசுனது நான். நான்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பினார். வேர்க்கடலைப் பொட்டலம் என் கையில் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் தீபாவளி வளைவுகளை இன்னும் கழற்றவில்லை. சேலைக் கடை வாசலில் ஒலிபெருக்கி மிச்சச் சரக்குக்குக் கழிவு விலை கூவிக்கொண்டிருந்தது. ஒரு கடையில் இலை போட்டு உட்கார்ந்தேன். எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றினார்கள். தனித்தனியாக ஊற்றச் சொல்லவில்லை.

ஃபோன் அதிர்ந்தது. ஒரு படம். பால்கனியில் கூண்டு. மேலே பாதி மூடிய துணி, உள்ளே பெரிய கிண்ணத்தில் தண்ணீர். நான் எழுதியபடியே எல்லாம் செய்திருந்தான். பக்கத்துக் கொடியில் ஒரு சிறுமியின் பள்ளிச் சீருடை காய்ந்தது. கீழே எழுதியிருந்தான்:

"அடுத்த தடவ கே.எல். வந்தா ஹோட்டல்ல தங்காதீங்கண்ணே. நேரா நம்ம வீட்டுக்கு வாங்க. உங்க முராய நீங்களே பாக்கலாம். மகளும் உங்களப் பாக்கணும்னு சொல்றா."

அதற்கும் கீழே வீட்டின் மேப். அடுக்குமாடியின் பெயர், மாடி, கதவு எண் எல்லாம் தெளிவாக இருந்தன. நான் யார், எவர் என்று அவன் விசாரிக்கவில்லை. தமிழில் பேசினேன், பறவையைப் பற்றி அக்கறையாக எழுதினேன், அது போதுமாக இருந்திருக்கிறது அவனுக்கு. புகார் போனால் அபராதம், சிறை என்று என்னென்னவோ வரும். அந்தச் சீருடைக்காரிக்கு எதற்கென்று புரியப் போவதில்லை. காட்டில் எறும்பு மொய்த்த அந்தக் கண்ணையும் நினைத்தேன். இரண்டையும் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தையும் மேப்பையும் ஜெயந்திக்கு அனுப்பினேன். ஒரே பயணத்தில் இரண்டாவது முறையாக ஓர் இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். முதல் முறை யோசிக்காமல். இந்த முறை யோசித்து.

இரண்டு டிக்கும் நீலமாயின. ஜெயந்தி பார்த்துவிட்டார். இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தபோது மேசையில் ஃபோன் மறுபடியும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன்தான்.

"ஃப்ளைட் ஏறிட்டீங்களா அண்ணே? பத்திரமா போங்க."